படம் எடுத்தால் ஆவணம் ஆகுமா?

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ-15 வீதி, களப்பும் கடலும் சந்திக்கும் இடத்தை ஒட்டி ஒரு நீண்ட பாலத்தின் மேலாகச் செல்கிறது. அந்த இடம் பனிச்சங்கேணி. கோறளைப்பற்று வடக்கு, அதாவது வாகரைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த ஊர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனது. அந்தக் காயம் ஆறுவதற்குள் போர் மீண்டும் மூண்டு, 2006இன் கடைசியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குக் கடதாசிப் பையைத் தேடி எடுக்க நேரம் கிடைப்பதில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், பாடசாலை விடுகைப் பத்திரம் எல்லாம் தண்ணீரோடும் மண்ணோடும் போய்விடுகின்றன.

இன்று எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பத்திரத்தை ஒருதரம் படம் பிடித்து வைத்துவிட்டால் கவலையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அந்தப் படத்தைக் கொண்டுபோய் அலுவலகத்தில் காட்டினால், “பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதியைக் கொண்டு வாங்கோ” என்கிறார்கள். பெயர், திகதி, முத்திரை எல்லாம் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. பிறகு ஏன் அது செல்லாது? ஒரு நொடியில் கைப்பேசி செய்கிற வேலைக்கு அரசாங்கம் ஏன் ஆய்வுகூடம் போன்ற நிலையங்களையும், விலையுயர்ந்த கருவிகளையும், பயிற்சி பெற்ற ஆட்களையும் வைத்திருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். அதைத் தேடி, ஒரு கடதாசி எண்ணிம ஆவணமாக மாறும் வழியில் படிப்படியாக நடந்து பார்ப்போம்.

இலங்கையில் அந்த வழி பெரும்பாலும் கொழும்பு 7இல் போய் முடிகிறது. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசிய சுவடிகள் திணைக்களம் அங்கே இருக்கிறது. தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையும் அதே பகுதியில்தான். ஒல்லாந்தர் 1796இல் ஆங்கிலேயரிடம் தீவின் கரையோரத்தைக் கையளித்தபோது விட்டுச்சென்ற கிழக்கிந்தியக் கம்பனிக் கோப்புகள் சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. உலகின் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் அந்தக் கம்பனிச் சுவடிகளை 2003இல் யுனெஸ்கோ ‘உலக நினைவு’ பட்டியலில் சேர்த்தது. காணி விபரம் எழுதிய தோம்புகள், 1802இல் தொடங்கிய அரசாங்க வர்த்தமானி என்று ஒரு நாட்டின் நினைவு முழுவதும் கடதாசியில் இருக்கிறது.

அந்தக் கடதாசிக்கு ஆயுள் குறைவு. பழைய கோப்புகளில் பல, இரும்பு உப்பும் தாவரத் துவர்ப்பும் கலந்த மையால் எழுதப்பட்டவை. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே இனம்தான். எழுதிய பின் கறுத்து, அழியாமல் நிற்கும். ஆனால் அதிலுள்ள அமிலமும் இரும்பும் ஈரக்காற்றில் மெல்ல மெல்லக் கடதாசியை அரிக்கின்றன. நூறாண்டு கழித்து எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருப்பதைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ்க் கடதாசி வந்த பிறகு கடதாசிக்குள்ளேயே அமிலம் சேர்ந்தது. மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடிவது அதனால்தான். ஆகவே எண்ணிமமாக்கல் காலத்தோடு நடக்கும் ஓட்டம். ஓட்டத்தில் பதறினால் என்ன இழப்போம் என்பதை இனிப் பார்க்கலாம்.

முதற்படி, படம். பழைய பதிவேட்டை மல்லாத்தி அமுக்கினால் தையல் விட்டுவிடும். அதனால் இத்தகைய நிலையங்களில் ஆங்கில ‘வி’ வடிவத் தொட்டில் ஒன்றில் அதைப் பாதி திறந்த நிலையில் வைப்பார்கள். மேலே கமெரா. இரு பக்கமும் சாய்வாக விளக்குகள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு அளவுகோலும், சாம்பல் படிகளும் நிறக் கட்டங்களும் அச்சிட்ட ஒரு அட்டையும் இருக்கும். படம் எடுப்பவர் முதலில் பார்ப்பது அந்த அட்டையைத்தான். ஏன் என்பது படம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் விளங்கும்.

கணினிக்குத் தொடர்ச்சியான கோடு என்று எதுவும் தெரியாது. அது பக்கத்தின் மீது ஒரு வலையை விரிக்கிறது. ஒவ்வொரு வலைக்கண்ணுக்குள்ளும் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்று சராசரி பார்த்து ஒரு எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் கண் ஒன்றுக்குப் பெயர் படப்புள்ளி. களப்பில் வலை வீசுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கண் பெரிதானால் மீன் அகப்படும், கூனி இறால் தப்பிவிடும். எந்தக் கூனி தப்பியது என்று வலையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. எழுத்தின் மெல்லிய கீறல்களும் அப்படியே. வலைக்கண்ணைவிட மெல்லிய கோடு சுற்றியுள்ள வெள்ளையோடு கலந்து மங்கிய சாம்பலாகி மறைந்துவிடும்.

இந்த வலையை முதன்முதலில் விரித்தவர் அமெரிக்கத் தர நிர்ணய நிலையத்தின் ரசல் கேர்ஷ். 1957இல் தன் கைக்குழந்தையின் படத்தைக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176, உயரத்தில் 176 புள்ளிகள், மொத்தம் 30,976. குழந்தையின் முகம் தெரிந்தது. ஒரு பிறப்புப் பத்திரத்தை அத்தனை புள்ளிகளுக்குள் அடக்கியிருந்தால் ஒரு வரியைக்கூட வாசிக்க முடிந்திராது.

சரி, கண் எவ்வளவு சிறிதாக இருந்தால் போதும்? மாதிரியெடுப்பு விதி என்று பொறியியலில் ஒன்று உண்டு. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்திக்காகச் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. ஒன்றையொன்று ஒட்டி ஓடும் கோடும் இடைவெளியும் பிரிந்து தெரிய வேண்டுமென்றால், கோட்டுக்கு ஒன்றும் இடைவெளிக்கு ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு கண்கள் வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே வைப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு கண்ணின் அகலம் 0.085 மில்லிமீற்றர். 100 புள்ளி என்றால் 0.25 மில்லிமீற்றர்.

தமிழுக்கு இது வெறும் கணக்கு இல்லை. பதிவேட்டில் ஒரு மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 0.4 மில்லிமீற்றர் என்று வைத்தால், 100 புள்ளிச் செறிவில் அதற்குக் கிடைப்பது குறுக்கே ஒன்றோ இரண்டோ கண்கள். கடதாசியிலுள்ள தூசுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. 300இல் குறுக்கே நாலைந்து கண்கள் கிடைக்கின்றன. வட்டம் வட்டமாகவே தெரிகிறது. ஒரு ஏ4 பக்கம் 300 புள்ளிச் செறிவில் சுமார் 87 இலட்சம் படப்புள்ளிகள். முழு நிறத்தில், சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 26 மெகாபைட். அப்படி 400 பக்கமுள்ள பதிவேடு ஒன்று பத்து கிகாபைட்டைத் தாண்டும். ஒரு அலுமாரிப் பதிவேடுகளுக்கு எவ்வளவு இடம் வேண்டுமென்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

கருவி 300 என்று சொன்னால் நம்பிவிடலாமா? கூடாது. மங்கலான படத்தை மென்பொருள் ஊதிப் பெருப்பித்து, இல்லாத புள்ளிகளை இட்டு நிரப்பி, 600 என்று காட்டிவிடும். அதனால்தான் சோதனை அட்டை. அதில் கோடுகள் வரவர நெருங்கிக்கொண்டே போகும். எந்த இடத்தில் அவை பிரிந்து தெரியாமல் ஒரே சாம்பலாகின்றனவோ, அதுதான் அந்தக் கமெராவின் உண்மையான எல்லை. நிறக் கட்டங்களின் சரியான அளவு முன்பே தெரியும். படத்தில் அவை வேறாகத் தெரிந்தால் விளக்கிலோ கமெராவிலோ பிழை. நாளை வேறொருவர் படத்தைப் பார்த்து, இது நம்பத்தக்கதுதானா என்று தானே அளந்து பார்க்கவும் அந்த அட்டை உதவுகிறது. கைப்பேசிப் படத்தில் இந்தச் சாட்சி இல்லை.

நம் கண்ணுக்குத் தெரியாததையும் கமெரா பார்க்கும். தட்டச்சு நாடாவின் கறுப்பு மையில் கரிப்பொடி உண்டு. அகச்சிவப்பு ஒளியில் கரி கறுப்பாகவே நிற்கும். முத்திரை மைகளில் உள்ள சாயங்கள் பல கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். முத்திரைக்கு அடியில் மறைந்த எழுத்தை இப்படி வாசிக்கலாம். ஆபிரிக்காவில் டேவிட் லிவிங்ஸ்டன் 1871இல் பழைய செய்தித்தாளின் மேல் எழுதி, பின் மங்கிப்போன நாட்குறிப்பைப் பல நிற ஒளிகளில் படமெடுத்து 2011இல் வாசித்துக் காட்டினார்கள். வெள்ளத்தில் நனைந்த பதிவேடுகளைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்கு இது போதிய காரணம்.

இரண்டாவது படி, சேமிப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து கிகாபைட்டைச் சிறிதாக்க எல்லோருக்கும் ஆசை. சுருக்கும் முறைகளில் இரு வகை. ஒன்றில், விரித்தால் பழையபடி ஒரு எண்ணும் மாறாமல் திரும்பி வரும். மற்றதில், கண்ணுக்குப் படாது என்று கருதிய விபரங்களை எறிந்துவிடும். இரண்டாம் வகை எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர் உலகுக்குக் காட்டினார். ஒரு கட்டட வரைபடத்தை ஒரு பெரும் நிறுவனத்தின் நகல் இயந்திரத்தில் இட்டபோது, மூன்று அறைகளின் பரப்பும் 14.13 சதுர மீற்றர் என்றே வந்தது. மூல வரைபடத்தில் மற்ற இரண்டும் 21.11, 17.42. எழுத்துகளை வெட்டி, ஒத்தவை என்று தோன்றியவற்றை ஒரே அச்சால் நிரப்பிவிடும் சுருக்கு முறைதான் காரணம். மங்கலாகியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இது பளிச்சென்று, பிழையாக இருந்தது. காணி உறுதியில் பரப்பும், பிறப்புப் பதிவில் ஆண்டும் இப்படி மாறினால் யார் கண்டுபிடிப்பார்? எனவே காப்பகப் பிரதியை எதையும் இழக்காத முறையிலேயே வைத்திருப்பார்கள். பார்வைக்கு வேண்டுமானால் அதிலிருந்து சிறிய பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படி, வாசிப்பு. படத்தில் ‘பனிச்சங்கேணி’ என்று நாம் வாசிக்கிறோம். கணினியிடம் அது வெறும் புள்ளிகளின் எண்கள். அந்தச் சொல்லைத் தேடினால் இல்லை என்றே சொல்லும். புள்ளிகளின் வடிவத்திலிருந்து எழுத்தை ஊகிக்கும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். அச்சிட்ட வர்த்தமானியில் அது நன்றாக வேலை செய்யும். ஆனால் தமிழில் ‘ர’வுக்கும் நெடிலின் காலுக்கும் வேறுபாடு அடியிலுள்ள சிறு சாய்வு மட்டும்தான். முதற்படியில் அந்தச் சாய்வு வலைக்குத் தப்பியிருந்தால் மூன்றாம் படியில் எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. கையெழுத்துப் பதிவேடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. பழைய எழுத்து வடிவம், பதிவாளருக்குப் பதிவாளர் மாறும் கை, ஒரே பக்கத்தில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும். ஆகவே எழுத்துணரி சொன்னதை மனிதர் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

கணினியிலேயே பிறந்த தமிழ் ஆவணங்களுக்கும் ஆபத்து உண்டு. இலங்கை அலுவலகங்களில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டார்கள். அதில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குக் கணினி சேமித்து வைப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளையும் ஒரு அரைப்புள்ளியையும். பாமினி இருக்கும்வரை திரையில் தமிழ் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். கோப்பு பழுதாகவில்லை, ஒரு எண்ணும் மாறவில்லை, ஆனாலும் ஆவணம் போய்விட்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறி இதைத் தீர்த்தது. அதில் ‘த’வுக்கு உலகம் முழுவதும் ஒரே எண், வேறு எந்த மொழி எழுத்துக்கும் அந்த எண் இல்லை. இலங்கையும் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற தமிழ்க் குறிமுறைத் தரத்தை வெளியிட்டது. பழைய பாமினிக் கோப்புகளை, அவற்றின் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றி வைப்பதும் எண்ணிமமாக்கல்தான்.

நான்காவது படி, விபரம். கோப்பு எந்த அலுவலகத்தில் உண்டானது, எந்த ஆண்டு, யார் எழுதியது, எப்போது எந்தக் கமெராவால் படமெடுக்கப்பட்டது என்ற தகவல்களுக்கு மீதரவு என்று பெயர். தரவைப் பற்றிய தரவு. இதைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களே அதிகம். வாகரையை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலெழுத்து ஒரு கோப்பில் ‘வி’, இன்னொன்றில் ‘டபிள்யூ’. நடுவில் ஒருவர் ‘கே’ போடுவார், இன்னொருவர் ‘எச்’ போடுவார். பனிச்சங்கேணியின் ஆங்கில வடிவத்தில் சிலர் ஒரு ‘ஆர்’ சேர்ப்பார்கள். ஒரு வடிவத்தைத் தேடுகிறவருக்கு மற்ற வடிவங்களில் உள்ள கோப்புகள் அகப்படா. எல்லா வடிவங்களையும் ஒரே ஊருக்குக் கீழே கட்டிவைக்கும் பொறுமையான வேலையை அந்த ஊரை அறிந்தவர்களால்தான் செய்ய முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகங்கள் தம் ஆவணங்களைப் பட்டியலிட்டு, தேடி எடுக்கத்தக்கதாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. கேட்கும் உரிமை இருந்தும் தேடினால் கிடைக்காது என்றால் அந்த உரிமையால் என்ன பயன்?

கடைசிப் படி, நம்பிக்கை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

எந்தக் கோப்பும் இறுதியில் எண்களின் நீண்ட வரிசை. அந்த வரிசை முழுவதையும் ஒரு குறித்த கணித முறையில் அரைத்து, ஒரு சிறிய அடையாளத்தை எடுக்கலாம். சரிபார்ப்பெண் என்று சொல்வோம். இன்று பரவலாக உள்ள எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது 64 இலக்கம் கொண்டது. 26 மெகாபைட் படத்தில் ஒரேயொரு புள்ளியின் நிறத்தைக் கடுகளவு மாற்றிவிட்டு மறுபடி கணக்கிட்டால், 64 இலக்கங்களில் ஏறக்குறைய எல்லாமே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இதை யாரும் தம் கணினியிலேயே செய்து பார்க்கலாம். எந்த அதிகாரியின் சொல்லையும் நம்ப வேண்டியதில்லை. படமெடுத்த அன்றே சரிபார்ப்பெண்ணைக் கணக்கிட்டுத் தனியே பதிந்துவைத்தால், பத்தாண்டு கழித்து மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடலாம். ஒத்தால் கோப்பு அன்றிருந்தபடியே இருக்கிறது. ஒவ்வாவிட்டால் வட்டு பழுதானதோ, யாரோ கை வைத்ததோ தெரிந்துவிடும். அந்த எண்ணை அதிகாரியின் இரகசியச் சாவியால் பூட்டினால் அது எண்ணிமக் கையொப்பம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்கும் கையொப்பங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

கோப்பு மாறியது என்று தெரிந்தால் மட்டும் போதாது; மாறாத பிரதி எங்கோ இருக்க வேண்டும். ஒரு பிரதி ஒரு காலப்பகுதிக்குள் அழிய பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் வைத்தால், மூன்றும் அழியும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் மீண்டும் பத்தில் ஒன்றுதான். எண்ணிக்கையைவிடத் தூரம் முக்கியம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகக்கணினியைக் கப்பம் கேட்கும் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்கு வலையிலிருந்து விலக்கி வைத்த பிரதி இருக்கவில்லை. 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச தரவு மையம் தீப்பிடித்து, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் மாற்றுப் பிரதியின்றி அழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலானதைக் கண்ட சமூகத்துக்கு இந்தப் பாடம் புதிதன்று. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி வருவது அந்த உணர்வோடுதான்.

இப்போது கைப்பேசிப் படத்துக்கு வருவோம். நம்மிடமுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே ஒரு பிரதிதான். மூலம் பதிவாளரின் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேடு பிழைத்திருந்தால் பத்திரம் எத்தனை தரம் தொலைந்தாலும் புதிதாக எடுக்கலாம். பதிவேடு அழிந்தால் எத்தனை பத்திரங்களைப் படமெடுத்து வைத்திருந்தாலும் ஒவ்வொன்றையும் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். கைப்பேசிப் படம் எந்தப் பதிவேட்டின் எந்தப் பக்கத்தோடு சேர்ந்தது, எடுத்த பிறகு மாறவில்லையா என்பதற்கு அதனிடம் விடை இல்லை. அலுவலகம் மறுப்பது படத்தின் தெளிவை அன்று. அந்தச் சங்கிலி இல்லாததை. ஆவணம் என்பது அந்தச் சங்கிலி முழுவதும்தான். அதற்காக உங்கள் படங்களை அழித்துவிடாதீர்கள். பதிவு எண்ணும் திகதியும் தெரிந்தால் மூலத்தைத் தேடி எடுப்பது எளிது. அந்த அளவில் அவை பெரிய துணை.

இன்னொன்றும் இதிலிருந்து புரிகிறது. சரிபார்ப்பெண், படமெடுத்த பின் கோப்பு மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். படம் கடதாசிக்கு உண்மையாக இருந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது. அதைத் தீர்க்கக் கடதாசியையே திரும்பிப் பார்க்க வேண்டும். எனவே எண்ணிமமாக்கிவிட்டோம் என்று மூலத்தை எறிகிற எந்தத் திட்டமும் நல்ல திட்டமில்லை. அதேபோல, தேடத்தக்க ஆவணம் எல்லோருக்கும் திறந்த ஆவணமாக இருக்கவேண்டியதில்லை. ஒருவரின் பிறப்பு, உறவு, காணி விபரங்கள் அவருக்குச் சொந்தமானவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்காகவே வந்தது.

எந்தப் பதிவேட்டை முதலில் எண்ணிமமாக்குவது என்று பட்டியல் போடும்போது, பழமையும் புகழும் உள்ளவையே முன்னே வந்து நிற்கின்றன. ஒல்லாந்தர் கோப்புகளின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் கடலுக்கும் களப்புக்கும் இடையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரேயொரு பிரதியாக இருக்கும் காணிப் பேரேடு எந்தக் கார்த்திகை மழையிலும் போய்விடலாம். அதோடு ஒரு குடும்பத்தின் நிலமும் போகும். தோம்பைப் படிப்பவர் ஆய்வாளர். இந்தப் பேரேட்டை நம்பி இருப்பவர் இன்று உயிரோடிருக்கும் மீனவர், விவசாயி, கணவரை இழந்த பெண். வாகரை போன்ற கரையோரப் பிரதேச செயலகங்களின் பதிவேடுகளுக்கு வரிசையில் முதலிடம் வேண்டும். 300 புள்ளிச் செறிவில், இழப்பில்லாத முறையில், ஒருங்குறித் தமிழில், ஊரறிந்தவர் எழுதிய விபரத்தோடு, அதே அலை எட்டாத தூரத்தில் குறைந்தது இரண்டு பிரதிகளாக அவை இருக்க வேண்டும். இதற்கு வேண்டிய அறிவியல் முழுவதும் இன்று நம் கையில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதைச் செய்துமுடிக்கும்படி நம் பிரதேச சபையிடமும் செயலகத்திடமும் எழுத்தில் கேட்போம்.